பல்லவிக்குத் திரும்பும் தாள்: மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோவின் பக்க அமைப்பு பற்றி ஒரு மதிப்புரை

பாம்பன் தீவில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பதினோரு ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்து வருகிறேன். பாடகற்குழுவுக்கும் வயலின், புல்லாங்குழல் வாசிப்போருக்கும் இசைத்தாள் தயாரித்துக் கொடுப்பதும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் ஸ்டாஃப் நோட்டேஷனை (ஐந்து கோடுகளின் மேல் சுரங்களைக் குறிக்கும் முறை) கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தோம்; கடந்த ஐந்து ஆண்டுகளாக மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளில் எழுதுகிறேன். இது கட்டணமின்றிக் கிடைப்பது, மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பது. இதன் ஒலித்தரத்தைப் பற்றியோ, கணினியில் பாடலை இசைத்துக் காட்டும் வசதியைப் பற்றியோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அச்சாகி வரும் தாள் ஸ்டாண்டில் ஏறிய பிறகு வாசிப்பவருக்கு எப்படி உதவுகிறது, குறிப்பாகப் பக்கம் எந்த இடத்தில் திரும்புகிறது என்பதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். நான் பயன்படுத்துவது 4.5 பதிப்பு.

பக்கம் திரும்பும் இடத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் கரையில் திருவிழாக்கள் பலவும் திறந்த வெளியில் நடப்பவை. தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழா வரும் ஜூலை மாதம் கச்சான் காற்று முழு வேகத்தில் அடிக்கும் காலம். மேடையில் கீபோர்டின் மேல் வைத்த தாளை இரண்டு துணிக் கிளிப்புகள் பிடித்திருக்கும். பக்கத்தைத் திருப்ப வேண்டுமானால் கிளிப்பை எடுத்து, தாளைப் புரட்டி, மறுபடி கிளிப்பை மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு 80 தாள அடி என்ற வேகத்தில் செல்லும் பாடலில் நான்கு அடி கொண்ட ஒரு பார் (தாளக் கட்டம்) 3 நொடியில் முடிந்துவிடும். உள்ளரங்கில் தாளைப் புரட்ட ஒரு பார் போதும். காற்றில் இரண்டு பார், அதாவது 6 நொடி வேண்டும். அந்த 6 நொடியும் ஒரு கையாவது ஓய்ந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாத் திருப்பலியில், காணிக்கைப் பாடலின் மூன்றாம் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது நான் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் புரட்ட வேண்டியிருந்தது. கிளிப்பை எடுத்த கணத்தில் காற்று இரண்டு தாள்களைத் தூக்கிக்கொண்டு போனது. பல்லவி எனக்கு மனப்பாடம் என்பதால் பாடல் நிற்கவில்லை; ஆனாலும் இரண்டு பார்கள் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) தவறி, பாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவறு காற்றின் மேல் இல்லை. மென்பொருள் நிரப்பிய வரிசையிலேயே பக்கங்களை விட்டுவிட்டு, எந்த இடத்தில் என் கை ஓய்கிறது என்று பார்க்காமல் அச்சடித்தது நான். அன்றிலிருந்துதான் இதன் பக்க அமைப்பு வசதிகளை முறையாகக் கற்றுக்கொண்டேன்.

மியூஸ்ஸ்கோர் தானாகச் செய்வது இவ்வளவுதான்: ஒரு வரியில் எத்தனை பார் அடங்குமோ அத்தனையை அடுக்கும்; ஒரு பக்கத்தில் எத்தனை வரி அடங்குமோ அத்தனையை நிரப்பும். வரி என்று நான் சொல்வது ஒரே நேரத்தில் வாசிக்கப்படும் ஸ்டாஃப்கள் ஒன்றாகக் கட்டப்பட்ட தொகுதியை. பக்கத்தின் கடைசிப் பாரில் வாசிப்பவருக்கு ஓய்வு இருக்கிறதா, இரண்டு கைகளும் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்பதை அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் எழுதுபவரே. ஆனால் பார்த்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்கு இது தரும் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன என்பது என் மதிப்பீடு.

அடிப்படையானவை இரண்டு. ஒரு பாரைத் தேர்ந்து எண்டர் அழுத்தினால் அந்தப் பாரோடு வரி முறியும். கண்ட்ரோலுடன் எண்டர் அழுத்தினால் பக்கம் முறியும். பழைய பதிப்புகளில் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு போராடினோம். ஒரு வரியை முறித்துவிட்டு மேலே ஒரு சொல்லைத் திருத்தினால், இடம் போதாமல் ஒரே ஒரு பார் தனியாக அடுத்த வரியில் போய் நிற்கும். அதற்குப் பிறகு வருபவை எல்லாம் நகர்ந்துவிடும். 4.5 பதிப்பில் வந்த வரிப் பூட்டு இந்தத் தொல்லையை நீக்கியது. எந்தெந்தப் பார்கள் ஒரே வரியில் நிற்க வேண்டும் என்று பூட்டிவிட்டால், எழுத்து சற்றுப் பெரிதானாலும் அவை நெருங்கி அமருமே தவிர, அடுத்த வரிக்கு ஓடுவதில்லை. ஒரு பாரை மேல் வரிக்கோ கீழ் வரிக்கோ தள்ளும் கட்டளையும் இதே பதிப்பில் சேர்ந்தது. என்னைப் பொறுத்தவரை பழைய பதிப்பிலிருந்து மாறுவதற்கு இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

எங்கள் பாடல்களுக்கே உரிய சிக்கல் பல்லவி. மேலை நாட்டு இசைத்தாள் பெரும்பாலும் முன்னோக்கிச் செல்வது. அதில் பக்கம் திருப்புவது என்றால் அடுத்த பக்கத்துக்குப் போவது. நம் பாடலில் ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவிக்கு வர வேண்டும். மூன்று சரணம் உள்ள பாடலில் மூன்று முறை பின்னோக்கி வருகிறோம். பின்னோக்கித் தாளைப் புரட்டுவது முன்னோக்கிப் புரட்டுவதைவிடக் கடினம். எத்தனை தாளைத் தாண்ட வேண்டும் என்பதும் கைக்குத் தெரிய வேண்டும்.

அன்று தாள் பறந்த அதே பாடலை எடுத்துக்கொள்கிறேன். முன்னிசை 8 பார், பல்லவி 16 பார், ஒவ்வொரு சரணத்துக்கும் முன் இடையிசை 8 பார், சரணம் ஒவ்வொன்றும் 16 பார். மூன்று சரணங்களும் சேர்த்து 96 பார். பாடுவோருக்கு ஒரு ஸ்டாஃப், கீபோர்டுக்கு இரண்டு என மூன்று ஸ்டாஃப் கொண்ட முழு ஸ்கோரில் வரிக்கு 4 பார் வைத்தால் 24 வரி வரும். பக்கத்துக்கு 5 வரி அடங்கியதால் ஐந்து பக்கம் ஆயிற்று. முதல் வேலையாக ஸ்டாஃபின் அளவைக் குறைத்தேன். ஸ்டாஃபின் ஓர் இடைவெளி 1.75 மில்லிமீட்டர் என்றால் ஸ்டாஃப் முழுவதும் 7 மில்லிமீட்டர் உயரம். அந்த இடைவெளியைப் பக்க அமைப்புப் பெட்டியில் 1.6 ஆக்கினால் உயரம் 6.4 மில்லிமீட்டராகும். பக்கத்துக்கு 6 வரி அடங்கி, பாடல் நான்கு பக்கத்தில் முடிந்தது. அதற்கும் கீழே இறக்க நான் துணியவில்லை. மாலைத் திருப்பலியில் டியூப் லைட் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டிய தாள் அது.

நான்கு பக்கம் என்றால் எத்தனை முறை திருப்ப வேண்டும்? விடை பாடல் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பைரல் பைண்டிங் செய்த புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறமும் இரட்டைப்படைப் பக்கம் இடப்புறமும் வரும். வலப்புறம் 1ஆம் பக்கத்தில் தொடங்கினால் 1 முடிந்ததும் ஒரு முறை, 3 முடிந்ததும் ஒரு முறை என இரண்டு முறை புரட்ட வேண்டும். இடப்புறம் 2ஆம் பக்கத்தில் தொடங்கினால் 2, 3 இரண்டும் கண்முன் விரிந்திருக்கும். ஒரே ஒரு முறை புரட்டினால் 4, 5 இரண்டும் விரியும். ஒரு சுரத்தைக்கூட நகர்த்தாமல் ஒரு திருப்பல் குறைந்துவிடுகிறது. பக்க அமைப்புப் பெட்டியில் முதல் பக்க எண்ணை 2 என்று கொடுக்கலாம். ஆனால் அது பக்க எண்ணை மட்டுமே மாற்றும். முன்னால் வெற்றுப் பக்கத்தைச் சேர்க்காது. அச்சிடும்போது அந்தப் பக்கம் தாளின் முன்பக்கத்தில், அதாவது வலப்புறத்தில்தான் விழும். இதை அறியாமல் இருபது பிரதிகளை வீணாக்கிய பிறகு, பாடலின் தொடக்கத்தில் ஒரு செங்குத்துச் சட்டத்தைச் சேர்த்து, அதில் பாடலின் பெயரை எழுதி, அதோடு பக்கத்தை முறிக்கக் கற்றுக்கொண்டேன். அந்தத் தலைப்புப் பக்கம் 1 ஆகிவிடும். இசை 2இல் தொடங்கும்.

பல்லவிச் சிக்கல் இதோடு தீரவில்லை. முதல் சரணம் முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில் உள்ள பல்லவிக்குக் கண்ணை நகர்த்தினால் போதும். இரண்டாம் சரணத்துக்காகத் தாளைப் புரட்டிய பிறகு பல்லவி மறைந்துவிடுகிறது. இதற்கு விடை ஸ்கோரில் இல்லை, பார்ட்டில் இருக்கிறது. மியூஸ்ஸ்கோரில் ஒவ்வொரு கருவிக்கும் தனித் தாள் பிரித்தெடுக்கலாம். ஸ்கோரில் ஒரு சுரத்தைத் திருத்தினால் பார்ட்டிலும் திருந்தும், ஆனால் வரி முறிப்பும் பக்க முறிப்பும் அந்தந்தப் பார்ட்டுக்குத் தனி. கீபோர்டு பார்ட்டில் இரண்டு ஸ்டாஃப் மட்டுமே என்பதால் பக்கத்துக்கு 8 வரி அடங்குகிறது. அதில் நான் செய்த அமைப்பு இது. இடப்புறம் 2ஆம் பக்கத்தில் முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை ஆகிய 8 வரிகள். 3ஆம் பக்கத்தில் முதல் சரணமும், அதன்பின் எதிர்ப்பக்கத்துப் பல்லவியை வாசித்துவிட்டு வந்து தொடரும் இரண்டாம் இடையிசையும் சேர்ந்து 6 வரிகள். இங்கே புரட்டல். 4ஆம் பக்கத்தில் இரண்டாம் சரணமும், முழுமையாக மறுபடி எழுதப்பட்ட பல்லவியும் 8 வரிகள். 5ஆம் பக்கத்தில் மூன்றாம் இடையிசையும் மூன்றாம் சரணமும் 6 வரிகள். அதற்குப் பிறகு வரும் பல்லவி எதிரே 4ஆம் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லவியின் 16 பாரை ஒரே ஒரு முறை கூடுதலாக எழுதியதில் பின்னோக்கிப் புரட்டுவது முற்றிலும் நின்றது. முன்னோக்கியும் ஒரே ஒரு திருப்பல்தான். அது விழும் இடம் இரண்டாம் இடையிசையின் இறுதி. அங்கே இடக்கை ஒரு கார்டைக் கார்வையாக, அதாவது நீட்டிப் பிடித்திருக்க, பாடுவோர் சரணத்தை எடுக்கிறார்கள். என் வலக்கைக்கு இரண்டு பார் ஓய்வு கிடைக்கிறது.

பல்லவி இரண்டு இடத்தில் இருப்பதால், ஓரிடத்தில் கார்டை மாற்றினால் மற்றோர் இடத்திலும் மாற்ற நினைவு வைத்திருக்க வேண்டும். 3ஆம், 5ஆம் பக்கங்களில் வரி குறைவு என்பதால், செங்குத்துச் சமன்செய்யும் வசதியை இயக்கி வைத்திருந்தால் வரிகள் அகன்று பக்கம் முழுவதும் பரவிவிடும். எதிரெதிரே உள்ள இரண்டு பக்கங்களில் வரிகள் ஒரே இடைவெளியில் இருப்பதையே என் கண் விரும்புகிறது. எனவே அடியில் ஒரு வெற்றுச் சட்டத்தை வைத்து வரிகளை மேலே நிறுத்தினேன்.

தனித் தாளின் அருமையை எனக்கு உணர்த்தியவர் எங்கள் வயலின்காரர். "அண்ணே, நீங்க பக்கம் புரட்டுற இடத்துலதான் எனக்கு வாசிப்பே தொடங்குது" என்றார். இடையிசை பாடுவோருக்கு ஓய்வு. எனக்கும் அவருக்கும் கை நிறைந்த இடம். சரணத்தில் அவருக்கு ஓய்வு, பாடுவோருக்கு மூச்சு விட நேரமில்லை. எனவே மூவருக்கும் பக்கம் திரும்பும் இடம் மூன்றாக இருந்தால்தான் சரி. வயலின் பார்ட்டில் வாசிப்பில்லாத பார்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேலே 16 என்ற எண்ணோடு ஒரே கட்டமாகிவிடுகின்றன. அந்தக் கட்டத்தைப் பக்கத்தின் கடைசியில் நிறுத்தினால் அவருக்கு 48 நொடி கிடைக்கிறது. பாடுவோர் தாளில் மூன்று சரணங்களுக்கும் ஒரே மெட்டு என்பதால் சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, பாடல் முழுவதையும் விரித்த இரண்டு பக்கங்களுக்குள் அடக்கிவிட்டேன். அவர்கள் புரட்டவே வேண்டியதில்லை.

தமிழ்ச் சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்க அமைப்பைக் குலைப்பதில் இவற்றின் பங்கு பெரிது. ஒரு சுரத்துக்கு ஓர் அசை என்று தட்டும்போது 'ஸ்தோத்' என்ற அசை ஒரு கால் சுரத்துக்குரிய இடத்தைப்போல் இருமடங்கு அகலம் கேட்கிறது. அந்தப் பார் விரிய, வரிக்கு 4 பார் என்ற கணக்கு 3 ஆகிப்போகிறது. எழுத்துருவின் அளவை 10க்குக் கீழே இறக்காமல், அகலம் குறைந்த யூனிகோடு எழுத்துரு ஒன்றைச் சொற்களுக்கான ஸ்டைலில் தேர்ந்துகொள்வதே நல்ல வழி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாடல்வரிகளை அப்படியே ஒட்டினால் புரியாத குறிகளாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சொற்களைப் பிரிப்பதில் ஒற்றெழுத்து முந்தைய அசையோடு நிற்க வேண்டும். 'அன்-பே' என்று பிரித்தால் பாடுபவருக்கு வாய் தானாக வரும். 'அ-ன்பே' என்று பிரித்த தாளில் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் தடுமாறினார்கள். ஓர் அசை பல சுரங்களுக்கு நீளும் இடத்தில் அடிக்கோட்டு விசையை அழுத்தினால் நீட்டுக்கோடு வருகிறது. கமகம் நிறைந்த மெட்டுகளுக்கு இது மிகவும் உதவுகிறது.

அச்சுக்குக் கொடுக்கும்போது மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் நம் எழுத்துரு இல்லையென்றால் வேறோர் எழுத்துரு வந்து உட்கார்ந்து அகலமெல்லாம் மாறிவிடும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து, 'உள்ள அளவிலேயே அச்சிடுங்கள், தாளுக்குப் பொருத்த வேண்டாம்' என்றும், நீள விளிம்பில் புரட்டும்படி இருபுறமும் அடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுவது நல்லது. தாள் 100 ஜிஎஸ்எம் இருந்தால் கடற்காற்றில் சீக்கிரம் நமத்துப் போவதில்லை, மறுபக்கத்து எழுத்தும் தெரிவதில்லை.

மற்ற மென்பொருள்களோடு ஒப்பிட்டால், பக்கம் திரும்பும் இடத்தைத் தானே யோசிக்கும் திறன் வேறு சிலவற்றில் இருக்கிறது. சிபேலியஸில் பார்ட்டுகளில் ஓய்வுப் பார்களைத் தேடி அங்கே பக்கத்தை முறிக்கும் தானியங்கி வசதி உண்டு. ஆனால் அது விலைக்கு வாங்க வேண்டியது. கட்டணமில்லாத லிலிபாண்டு, பக்கத்தைத் திருப்ப எவ்வளவு நேர ஓய்வு வேண்டும் என்று நாம் சொன்னால் அதற்கேற்பப் பக்கங்களைப் பிரிக்கிறது, முதல் பக்கம் இடமா வலமா என்பதைக்கூடத் தானே தீர்மானிக்க அதில் வழி இருக்கிறது. ஆனால் அதில் இசையைக் கட்டளைச் சொற்களாகத் தட்ட வேண்டும்; திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் பாடல்களை எழுதி முடிக்க வேண்டிய பாடகற்குழுவினருக்கு அது எளிதில் பழகாது. இந்தத் தானியங்கிகள் இரண்டுமே ஓய்வைத்தான் தேடுகின்றன. ஒரு கை கார்வையில் நிற்க மறு கை விடுபடும் இடத்தையும், பல்லவி எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் நாமேதான் சொல்ல வேண்டும். ஃபினாலேயில் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு சொல்: 1988 முதல் வந்த அந்த மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் அறிவித்துவிட்டது. பழைய கோப்புகளை மியூசிக் எக்ஸ்எம்எல் (இசை மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வடிவம்) வழியாக மியூஸ்ஸ்கோருக்குக் கொண்டுவரலாம். சுரங்களும் சொற்களும் பெரும்பாலும் வந்து சேரும், பக்க அமைப்பை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மியூஸ்ஸ்கோரில் எனக்குக் குறையாகப் படுவது, திருப்பும் இடத்தைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை எதுவும் இல்லாததுதான். வலப்பக்கத்தின் கடைசிப் பாரில் ஓய்வில்லை என்று ஒரு சிறு குறி காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அது வரும்வரை நான் ஒவ்வொரு பார்ட்டையும் அச்சிடும் முன் ஒரு சாதாரணத் தாளில் எடுத்து, கீபோர்டில் வைத்து, உண்மையிலேயே புரட்டி வாசித்துப் பார்க்கிறேன். அவசரமாகப் புரட்ட வேண்டிய இடத்தில் பக்கத்தின் அடியில் 'வி. எஸ்.' என்று எழுதி வைக்கிறேன். உடனே திருப்பு என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களான 'வோல்தி சூபித்தோ' என்பதன் சுருக்கம் அது.

இந்த ஜூலைக்கு நான்கு பாடல்கள் புதிதாக எழுதியிருக்கிறேன். மூன்றில் திருப்பும் இடம் கார்வையில் அமைந்துவிட்டது. திருவிருந்துப் பாடலில் மட்டும் இடக்கையும் வலக்கையும் எங்குமே ஓயவில்லை. வரிகளைப் பலவாறு பூட்டிப் பார்த்தும் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பாடலுக்குப் பாடகற்குழுப் பிள்ளை ஒருவனை என் வலப்பக்கத்தில் நிறுத்தி, 3ஆம் பக்கத்தின் கடைசி வரியில் அவன் கிளிப்பை எடுக்க வேண்டிய பாரின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.